குப்பியில் எழுதிய பெயரை நம்பலாமா?

கொவிட்-19 காலத்தில் ஏஆர்டி கருவியை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்த அந்தப் பதினைந்து நிமிடங்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ‘சி’ என்ற இடத்தில் கோடு வந்தால் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். ‘டி’ என்ற இடத்திலும் கோடு வந்தால் தொற்று. ‘சி’ கோடு வராவிட்டால், ‘டி’ என்ன சொன்னாலும் கருவியைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரிந்திருந்தது.

அந்தக் கோடுகளை உண்டாக்குபவை எதிர்ப்பொருள்கள். ஆன்டிபாடி என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டிலேயே கர்ப்பத்தை உறுதிப்படுத்தும் கருவியிலும் அவைதாம் வேலை செய்கின்றன. கர்ப்பிணியின் உடலில் சுரக்கும் ஒரு புரதத்தை அவை பிடித்து நிறுத்துவதால்தான் அங்கே கோடு தெரிகிறது.

நான் சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புரதங்களை ஆராயும் வேலையில் இருக்கிறேன். எங்கள் குளிர்பதனப் பெட்டியில் இதே எதிர்ப்பொருள்கள் நூற்றுக்கணக்கான சிறு குப்பிகளில் வரிசையாக நிற்கின்றன. ஒரு குப்பியில் இருப்பது பெரும்பாலும் 100 மைக்ரோலிட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு சொட்டு. விலை பல நூறு வெள்ளி. ஒவ்வொன்றின் மேலும் அது எந்த மனிதப் புரதத்தைக் கண்டுபிடிக்கும் என்று எழுதியிருக்கும். கீழே சிறிய எழுத்தில், ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற வாசகமும் இருக்கும்.

ஏஆர்டியில் இருந்த ‘சி’ கோடு போன்ற எதுவும் இந்தக் குப்பிகளோடு சேர்ந்து வருவதில்லை. குப்பிக்குள் இருப்பது, மேலே எழுதியிருக்கும் புரதத்தைத்தான் பிடிக்கிறதா என்பதை வாங்கியவரே சோதித்துக்கொள்ள வேண்டும். சோதிக்காமல் விட்டதால் பணமும் ஆண்டுகளும், நோயாளிகள் நம்பிக்கையோடு கொடுத்த ரத்தமும் திசுவும் வீணான கதைகள் உண்டு.

சுண்டெலியும் முயலும் தரும் கருவி

நம் உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று நுழைந்தால், அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை உடல் உருவாக்கும். கவட்டை போன்ற ‘ஒய்’ வடிவம் கொண்டது அது. அதன் இரண்டு கைகளின் நுனியும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் பற்றும், பூட்டுக்கேற்ற சாவிபோல.

இந்த இயல்பைத்தான் ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். மனிதப் புரதம் ஒன்றை முயலுக்கோ சுண்டெலிக்கோ ஊசியாகப் போட்டால், அந்த விலங்கின் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்கும். விலங்கின் ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தால், மனித உயிரணுவில் அந்தப் புரதத்தைத் தேடும் கருவி தயார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே முயல் பல வகை எதிர்ப்பொருள்களைக் கலந்து தரும். அடுத்த முயல் தருவது வேறு கலவை. அந்த முயல் இறந்துவிட்டால் அந்தக் கலவை மறுபடியும் கிடைக்காது.

1975ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டீன் இருவரும் இதற்கு வழி கண்டார்கள். எதிர்ப்பொருள் சுரக்கும் சுண்டெலி உயிரணுவை, ஓயாமல் பெருகும் புற்றுநோய் உயிரணுவோடு இணைத்தார்கள். பிறந்த கலப்பு உயிரணு ஒரே ஒரு வகை எதிர்ப்பொருளை மட்டும், தொடர்ந்து சுரந்துகொண்டே இருந்தது. மோனோகுளோனல் எதிர்ப்பொருள் என்பது இதுதான். 1984ல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. உலகம் முழுவதும் ஆய்வுக்கூடங்களும் நிறுவனங்களும் அதைப் பின்பற்றத் தொடங்கின.

பி53: எதிர்ப்பொருள் காட்டிக்கொடுத்த புரதம்

நல்ல எதிர்ப்பொருள் ஒன்று என்ன செய்ய முடியும் என்பதற்குப் பி53 என்ற புரதத்தைச் சொல்லலாம். சிங்கப்பூருக்கும் அதற்கும் ஒரு தொடர்பு உண்டு.

1979ல் லண்டனில் டேவிட் லேனும் லயனல் குரோஃபர்டும் குரங்குக் கிருமி ஒன்று புற்றுநோயை உண்டாக்குவது எப்படி என்று ஆராய்ந்தார்கள். கிருமியின் புரதத்தை எதிர்ப்பொருளால் பிடித்து இழுத்தபோது, அதைப் பற்றிக்கொண்டு இன்னொரு புரதமும் கூடவே வந்தது. அது கிருமியுடையதன்று, உயிரணுவுக்குச் சொந்தமானது. அதே ஆண்டில் வேறு சில குழுக்களும் அதைக் கண்டன. அளவுகோலில் அதன் எடை 53 கிலோடால்டன் என்று தெரிந்ததால் பி53 என்று பெயர் வைத்தார்கள்.

முதல் பத்து ஆண்டுகள் அதைப் புற்றுநோயை வளர்க்கும் புரதம் என்றே எண்ணினார்கள். ஆய்வாளர்கள் கையில் இருந்தது பழுதுபட்ட வடிவம் என்பது 1989வாக்கில்தான் தெளிவாயிற்று. பழுதில்லாத பி53 ஒரு காவலாளி. மரபணுவில் சேதம் ஏற்பட்டால் உயிரணு பிரிவதை நிறுத்தி வைக்கும். சரிசெய்ய முடியாத சேதமென்றால் அந்த உயிரணுவையே சாகவிடும். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்தக் காவலாளியின் மரபணு பழுதாகியிருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், லேனின் ஆய்வுக்கூடத்தில் செக் நாட்டு ஆய்வாளர் பொரிவோய் வோய்டெஷெக் பி53ஐக் கண்டறியும் சில மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களை உருவாக்கினார். 1992ல் வெளிவந்த அவற்றில் ஒன்று டிஓ-1, இன்னொன்று டிஓ-7. இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் டிஓ-1 பயன்பாட்டில் இருக்கிறது. டிஓ-7 மருத்துவமனைகளில் புற்றுநோய்த் திசுவைச் சோதிக்கப் பயன்படுகிறது. லேன் 2000களில் சிங்கப்பூருக்கு வந்து, மூலக்கூறு உயிரணு உயிரியல் கழகத்தை நடத்தினார். பின்னர் ஏ-ஸ்டார் அமைப்பின் தலைமை அறிவியலாளராகவும் இருந்தார்.

பி53 என்பது 393 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 20வது இடத்தை ஒட்டிய ஒரு சிறு துண்டை மட்டுமே டிஓ-1 பற்றும். மனிதப் பி53ல் அந்தத் துண்டு அதற்குப் பொருந்துகிறது; சுண்டெலியின் பி53ல் பொருந்துவதில்லை. சுண்டெலி உயிரணுவில் டிஓ-1ஐப் போட்டு ஒன்றும் தெரியவில்லை என்றால், சுண்டெலிக்குப் பி53 இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கருவி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்தவருக்குத்தான் அது கருவி.

பால்மாவும் ஒரு கறுப்புக் கோடும்

ஆய்வுக்கூடத்தில் எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தைத் தேடும் வழிகளில் அதிகம் புழங்குவது வெஸ்டர்ன் பிளாட். உயிரணுக்களை உடைத்து, உள்ளே இருக்கும் எல்லாப் புரதங்களையும் மெல்லிய ஜெல் ஒன்றில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிடுவோம். சிறியவை வேகமாக ஓடும், பெரியவை பின்தங்கும். பிறகு அவற்றை அதே வரிசையில் ஒரு தாள் போன்ற சவ்வுக்கு மாற்றுவோம்.

அடுத்து அந்தச் சவ்வைப் பால்மா கரைத்த நீரில் ஊறவைப்போம். கொழுப்பு நீக்கிய சாதாரணப் பால்மாதான். சவ்வின் காலி இடங்களைப் பால் புரதம் நிரப்பிவிட்டால், எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாது. பிறகு எதிர்ப்பொருள் கலந்த நீரில் இரவு முழுவதும் குளிரில் வைப்போம். மறுநாள் காலையில் அது எங்கே பற்றியிருக்கிறதோ, அந்த இடம் படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்கள் முதல் முறை அந்தக் கோட்டைப் பார்த்ததும், “அக்கா, கோடு வந்துருச்சு!” என்று துள்ளுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: “வந்தது சரிப்பா, அது யாரோட கோடு?”

கேள்வி குதர்க்கமானதன்று. மனித உடலில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் புரதம் தயாரிக்கின்றன. எதிர்ப்பொருள் பற்றுவது சில அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டை. அதேபோன்ற துண்டு வேறொரு புரதத்திலும் இருக்கலாம். நாம் தேடும் புரதம் துளியும், அந்த வேறு புரதம் ஏராளமாகவும் இருந்தால், சவ்வில் பளிச்சென்று தெரிவது வேறொருவரின் கோடு.

எடையைப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். அதுவும் எப்போதும் கைகொடுப்பதில்லை. பி53ன் உண்மையான எடை ஏறக்குறைய 44 கிலோடால்டன்தான். அதன் அமைப்பு காரணமாக ஜெல்லில் மெதுவாக ஓடுவதால் 53 என்று தெரிகிறது. பெயரிலேயே அந்தத் தவறான அளவு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆகவே, “யாருடைய கோடு” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நேரான வழி ஒன்றுதான். அந்தப் புரதமே இல்லாத உயிரணுவில் அதே எதிர்ப்பொருளைப் போட்டுப் பார்க்க வேண்டும். பி53க்கு இது எளிது. எச்1299 என்ற நுரையீரல் புற்றுநோய் உயிரணுவில் பி53 கிடையாது. எச்சிடி116 என்ற பெருங்குடல் புற்றுநோய் உயிரணுவில், பி53 மரபணுவை மட்டும் நீக்கிய வகையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1998ல் உருவாக்கினார்கள். நீக்காததையும் நீக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால், டிஓ-1 முதலாவதில் கோடு காட்டும், இரண்டாவதில் காட்டாது. அந்தக் காலி இடம்தான் சான்று. இரண்டிலும் கோடு வந்தால், அது பி53ன் கோடே அல்ல.

இரண்டு ஆண்டு, 500,000 டாலர்

இந்தச் சோதனையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? கனடாவின் டொரோண்டோ நகரில் நடந்ததைப் பார்க்கலாம்.

கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவரும் கொடிய நோய். ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிந்தால் உயிர்கள் பிழைக்கும். எலெஃப்தெரியோஸ் டயமண்டிஸ், இயோனிஸ் பிரசாஸ் ஆகியோரின் குழு அதற்கான அடையாளமாக சியுஇஸட்டி1 என்ற புரதத்தைக் கருதியது. அதை அளக்க, எதிர்ப்பொருளை அடிப்படையாகக் கொண்ட ஆயத்தக் கருவியைக் கடையில் வாங்கினார்கள். முடிவுகள் நம்பிக்கையூட்டின. நோயாளிகளின் ரத்த மாதிரிகளில் தொடர்ந்து சோதித்தார்கள்.

கருவி உண்மையில் எதைப் பிடிக்கிறது என்று ஆராய்ந்தபோது குட்டு வெளிப்பட்டது. அது பிடித்தது சியுஇஸட்டி1 அன்று. சிஏ125 என்ற வேறொரு புரதம். சினைப்பைப் புற்றுநோய் தொடர்பாக மருத்துவர்கள் பல ஆண்டுகளாக அறிந்த பழைய புரதம் அது. அதற்குள் இரண்டு ஆண்டுகளும் ஏறத்தாழ 500,000 டாலரும் போயிருந்தன.

அவர்கள் இதை மூடி மறைக்கவில்லை. மற்றவர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று 2014ல் ஆய்விதழில் எழுதினார்கள். ‘புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை’ என்று எழுதுவதற்கும் துணிச்சல் வேண்டும்.

மார்பகத்தில் இருந்ததா, இல்லையா?

இன்னொரு கதை இதைவிட நீண்டது. மார்பகப் புற்றுநோயாளிகளிடம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா என்று மருத்துவர்கள் சோதிப்பது வழக்கம். எந்த மருந்து கொடுப்பது என்பதை அது தீர்மானிக்கும். அந்த ஏற்பியின் உடன்பிறப்பு போன்ற, பீட்டா வகை என்ற இரண்டாவது ஏற்பி ஒன்றை 1996ல் சுவீடனில் கண்டுபிடித்தார்கள். அது புற்றுநோயைத் தடுக்கிறதா, வளர்க்கிறதா என்று உலகெங்கும் ஆராய்ந்தார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன.

2017ல் சுவீடன் ஆய்வாளர்கள், பீட்டா வகையைக் கண்டறிவதாகச் சொல்லும் 13 எதிர்ப்பொருள்களை வரிசையாகச் சோதித்தார்கள். நம்பத்தக்கதாகத் தேறியது ஒன்றே ஒன்று. அதைக் கொண்டு பார்த்தபோது, சாதாரண மார்பகத் திசுவிலும் மார்பகப் புற்றுநோய்த் திசுவிலும் அந்தப் புரதம் தென்படவில்லை. சினைப்பை, விரை போன்ற வேறு சில இடங்களில் இருந்தது. மார்பகத்தில் அது என்ன செய்கிறது என்று இருபது ஆண்டுகள் வாதாடியவர்களில் பலர், அங்கே இருக்கிறதா என்பதையே உறுதிசெய்யாமல் வாதாடியிருக்கிறார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கோடு உண்மை, படம் உண்மை, அளவும் உண்மை. குப்பியின் மேல் இருந்த பெயர் மட்டும் சரியில்லை.

614 குப்பிகளுக்கு ஒரு தேர்வு

இவை எங்கோ ஓரிரு இடத்தில் நடந்த விபத்துகளா? 2023ல் வெளியான கனடா தலைமையிலான ஆய்வு ஒன்று இதற்கு எண்களோடு பதில் சொன்னது. நரம்பியல் தொடர்பான 65 மனிதப் புரதங்களுக்கு விற்பனையில் இருந்த 614 எதிர்ப்பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் அந்தப் புரதம் உள்ள உயிரணுவிலும், மரபணுவை நீக்கிய உயிரணுவிலும் ஒரே முறையில் சோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவை ஏதாவது ஒரு சோதனையிலாவது தோற்றன. தோற்றவற்றைப் பயன்படுத்தி வெளிவந்த கட்டுரைகளும் ஏராளம்.

அதே ஆய்வில் நல்ல செய்திகளும் இருந்தன. சோதனை வகையைப் பொறுத்து, பாதி முதல் முக்கால்வாசிப் புரதங்களுக்கு நன்றாக வேலை செய்யும் எதிர்ப்பொருள் ஒன்றாவது சந்தையில் இருக்கிறது. சரக்கு இருக்கிறது, எது நல்ல சரக்கு என்று தெரியாததுதான் குறை. தங்கள் எதிர்ப்பொருள்களையே இந்தச் சோதனைக்குக் கொடுத்த நிறுவனங்கள், தோற்றவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மறுபரிசீலனை செய்தன. பலவற்றின் பயன்பாட்டுக் குறிப்பை மாற்றின. சிலவற்றை விற்பனையிலிருந்தே எடுத்துவிட்டன.

முயலையும் கலப்பு உயிரணுவையும் நம்பியிருக்காமல், எதிர்ப்பொருளின் மரபணு வரிசையை அறிந்து உயிரணுக்களில் தயாரிக்கும் புதிய வகை, பழைய வகைகளைவிட நன்றாகத் தேறியது. வரிசை கையில் இருந்தால், எத்தனை ஆண்டு கழித்தும் அதே பொருளைத் திரும்பத் தயாரிக்கலாம். இந்த முறைக்கு மாற வேண்டும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் 2015லேயே கூட்டாக வலியுறுத்தியிருந்தார்கள்.

நம் அடையாள அட்டை எண்போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளுக்கும் தனி எண் கொடுக்கும் முறையும் இப்போது உண்டு. கட்டுரையில் அந்த எண்ணைக் குறிப்பிட்டால், எந்தக் குப்பியைப் பயன்படுத்தினார்கள் என்று உலகின் எந்த மூலையில் இருப்பவரும் கண்டுபிடித்துச் சரிபார்க்கலாம்.

மருத்துவமனைச் சோதனை வேறு

இதைப் படித்ததும், “அப்படியென்றால் அம்மாவின் புற்றுநோய்ச் சோதனை முடிவை நம்பலாமா?” என்று கேட்கத் தோன்றும். என் உறவினர்களே கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நோயைக் கண்டறியும் கருவிகள் வேறு கட்டுப்பாட்டின்கீழ் வருகின்றன. சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையமும், மலேசியாவில் மருத்துவச் சாதன ஆணையமும் அவற்றைக் கண்காணிக்கின்றன. மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் நோயாளியின் திசுவோடு, விடை முன்கூட்டியே தெரிந்த திசுவையும் சேர்த்துச் சோதிப்பது நடைமுறை.

பி53 சோதனையே இதற்கு உதாரணம். சினைப்பை, கருப்பைப் புற்றுநோய்களின் வகையைப் பிரித்தறிய இந்தச் சோதனை உதவுகிறது. ஆரோக்கியமான உயிரணுவில் பி53 மிகக் குறைவாகவே இருக்கும். உடல் அதை உடனுக்குடன் அழித்துவிடும். பழுதான பி53 பெரும்பாலும் அழியாமல் குவிந்துவிடும். அப்போது உயிரணுவின் கருக்கள் அடர்ந்த பழுப்பு நிறமாகத் தெரியும். சில புற்றுநோய்களில் பி53 அடியோடு இருக்காது. அங்கே நிறமே ஏறாது. அதுவும் பழுதின் அடையாளம்தான்.

ஆனால், எதிர்ப்பொருள் வேலை செய்யாவிட்டாலும் நிறம் ஏறாதே, எப்படி வேறுபடுத்துவது? அதே கண்ணாடித் தகட்டில் பக்கத்தில் இருக்கும் ஆரோக்கியமான உயிரணுக்களை மருத்துவர் பார்ப்பார். அவற்றில் இலேசான பழுப்பு தெரிந்தால், சோதனை சரியாக நடந்திருக்கிறது, புற்றுநோய் உயிரணுவில்தான் பி53 இல்லை என்று பொருள். ஏஆர்டியின் ‘சி’ கோடு செய்த வேலையை இங்கே ஆரோக்கியமான உயிரணுக்கள் செய்கின்றன.

செய்தியைப் படிக்கும்போது

“ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாமாம்” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி வராத மாதமில்லை. என் சித்தி தவறாமல் அனுப்புவார், “இது உண்மையாம்மா?” என்று கேட்பார். ஆய்வுக்கூடத்தில் முதல் முறை தெரிந்த ஒன்றுக்கும், மருத்துவமனைக்கு வரும் சோதனைக்கும் இடையே பல ஆண்டு வேலை இருக்கிறது என்று பதில் அனுப்புவேன். வேறு ஆய்வுக்கூடம், வேறு எதிர்ப்பொருள், வேறு முறை என்று பல வழிகளில் பார்த்தும் அதே முடிவு வந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உயிரறிவியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். எதிர்ப்பொருள் வாங்கும் முன், மரபணுவை நீக்கிய உயிரணுவில் அதைச் சோதித்த படம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். எத்தனை கட்டுரைகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பலர் வாங்கியது என்பதற்காக ஒன்று நல்லதாகிவிடாது. வாங்கிய பிறகு, நம் உயிரணுவில், நம் முறையில், மறுபடியும் ஒரு முறை சோதிக்க வேண்டும். இதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் அந்த வாரங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னாலும் ஒரு நோயாளி இருக்கிறார். தனக்குப் பயன்படாவிட்டாலும் பின்னால் வருபவருக்காவது பயன்படட்டும் என்று கையை நீட்டி ரத்தம் கொடுத்தவர் அவர். அந்த ரத்தத்தில் எந்தப் புரதத்தைத் தேடுகிறோம் என்பதையாவது நாம் சரியாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.